நூறாக்கிய எழுபத்தைந்து

வட கனடா
12 ஆகஸ்ட் 1972

அன்புள்ள விசாலி,

நலம். நீ கொடுத்தனுப்பிய சாம்பார் பொடி தீர்ந்துவிட்டது.

நான்காம் தேதி, விண்வெளிக் கதிர்களை எண்ணும் கருவி காலை வாரிவிட்டது. நூறு காட்ட வேண்டிய இடத்தில் எழுபத்தைந்துதான். அதிகாரி ஊரில் இல்லை. கருவியின் எண்ணும் குழாய் பழுது என்று நானே கணக்கைப் பெருக்கி, நூறாக்கி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த அதிகாரி, கணக்கில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை என்று பாராட்டினார். வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். தை மாதம் நீயும் குழந்தை ருக்குவும் இங்கே வந்துவிடலாம்.

எழுபத்தைந்து காட்டிய அசல் தாளின் நகல் இத்துடன். உன் ஆபீஸிலும் இதே கருவிதானே, எல்லோரும் பார்த்துச் சிரிக்க.

உன் சேஷன்

லோதி ரோடு, புது டெல்லி
26 ஆகஸ்ட் 1972

அன்புள்ள உங்களுக்கு நமஸ்காரம்.

ருக்கு சௌக்கியம். “அப்பா, ஜல்தி வா” என்று எழுதச் சொல்கிறாள்.

நான் சிரிக்கவில்லை. அதே மணிநேரத்தில் எங்கள் டெல்லிக் கருவியிலும் எண்ணிக்கை விழுந்தது, கொஞ்சமாக. சூரியனில் புயல். கோயில் வாசலில் போலீஸ்காரர் கூட்டத்தைத் தள்ளுகிற மாதிரி, அது வெளியிலிருந்து வரும் கதிர்களைத் தள்ளிவிடுகிறது. டெல்லியில் மெலிந்த கதிர்களைப் பூமியின் காந்தமே எப்போதும் தடுத்துவிடும். துருவப் பக்கம் அந்தத் தடுப்பு இல்லை. அதனால் புயலின் வேலை அங்கேதான் முழுசாகத் தெரியும். எல்லோரும் தேடுவது உங்கள் எழுபத்தைந்தைத்தான்.

பழைய ரேடியோ மெக்கானிக் வேலையின் புத்தி உங்களை விடவில்லை. சத்தம் குறைந்தால் திருகி ஏற்றுவது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

விசாலாக்ஷி

வட கனடா
9 செப்டம்பர் 1972

விசாலி,

சொன்னால் வேலை போய்விடும். மூன்று வருஷமாக ருக்கு என்னைப் போட்டோவில்தான் பார்க்கிறாள். புயல் இன்னொன்று வரும், அளந்துகொள்ளலாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காதே. நகலைக் கிழித்துப் போடு.

சேஷன்

லோதி ரோடு, புது டெல்லி
25 செப்டம்பர் 1972

அன்புள்ள உங்களுக்கு,

கிழிக்கவில்லை. நகலோடு எங்கள் டெல்லி எண்களையும் டைப் அடித்துச் சேர்த்து, இன்று காலை உங்கள் அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். கருவியில் குறையில்லை, ஆள்தான் பயந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்று இதையும் அதே தபாலில் போடுகிறேன்.

தையில் கனடா இல்லை என்று ருக்குவிடம் சொன்னேன். அழுதாள். அவளைத் தூங்க வைத்துவிட்டு நானும் அழுதேன். ஆனாலும் பொய் எண்ணின் மேல் வந்து உங்களோடு குடித்தனம் செய்ய எனக்கு மனசில்லை.

திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டுங்கள். மன்னிப்புக் கேட்க மாட்டேன். சாப்பாடு போடுவேன்.

உங்கள் விசாலாக்ஷி