மூன்றாவது பரிந்துரை

ஜூன் 3
நாளை மறுநாள் உணவுக் கொள்கைக் குழுவின் கூட்டம். புள்ளியியல் கற்பித்தவன் என்பதால் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். சபையில் எனக்குப் பேச்சு வராது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

1. உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கம் கறுப்பு எச்சரிக்கை முத்திரை.
2. பள்ளிகளுக்கு அருகே அவற்றை விற்கத் தடை.
3. சர்க்கரை நோய்க்கான ரத்தப் பரிசோதனை பருமனானவர்களுக்கு மட்டும். ஒல்லியானவர்களுக்குச் செய்வது வீண் செலவு.
4. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் விளம்பரம் கூடாது.

மூன்றாவது கொஞ்சம் கஞ்சத்தனமோ? இல்லை. இருக்கிற நிதிக்கு அதுதான் சரி.

ஜூன் 5
பேசினேன். எழுதி வைத்ததை அப்படியே வாசித்தேன். பாக்கெட் உணவு நிறுவனங்களின் பிரதிநிதி கேட்டார்: "கறுப்பு முத்திரை குத்த இது என்ன வெடிகுண்டா ஐயா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மூன்றாவதை மட்டும் அவர் பாராட்டித் தள்ளிவிட்டார். "நோயாளி யாருன்னு கண்டுபிடிச்சு வைத்தியம் பாருங்க. எங்க பாக்கெட்டை விட்டுடுங்க."

உறுத்துகிறது.

ஜூன் 6
மனைவியிடம் சொன்னேன். "நாலு சொல்லி ஒண்ணு எடுபட்டிருக்கே! இந்த வீட்டுல உங்க பேச்சு அந்த அளவுக்குக்கூட எடுபடாது."

மகள் கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். இரவுப் பணி. சில வருடங்களாக அதுவும் ஒரு பாட்டில் குளிர்பானமும்தான் அவள் சாப்பாடு. "என்னைப் பாருங்கப்பா, ஊதினா பறந்துடுவேன். உங்க கணக்குல நான் வரவே மாட்டேன்."

உண்மைதான். வரமாட்டாள்.

ஜூலை 8
கடும் வெக்கை. மகள் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைப்பதே இல்லை.

ஜூலை 21
வரைவு அறிக்கை வந்தது. 1, 2, 4 காணோம். மூன்றாவது தடித்த எழுத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இப்போதே முன்னோட்டமாகத் தொடங்கிவிட்டார்களாம். ஒல்லியானவர்களுக்குப் பரிசோதனை "தேவையில்லை" என்று போட்டிருக்கிறார்கள். நான் அப்படி எழுதவில்லையே – எழுதினேன். வேறு சொற்களில்.

ஆகஸ்ட் 2
செருப்பு கடித்த புண் மகளுக்கு ஆறவே இல்லை. பார்வையும் மங்குகிறதாம். அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தாள். களிம்பு மட்டும் கொடுத்தார்கள். ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்டாளாம். "புது உத்தரவும்மா. குண்டா இருந்தாதான் பார்ப்போம்" என்றாளாம் நர்ஸ்.

"உங்க பரீட்சையில நான் ஃபெயில்ப்பா" என்று சிரித்தாள். வெளியே லேபில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரம் என்றாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 9
அலுவலகத்தில் மயங்கி விழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10
சர்க்கரை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. கால்விரல் கறுத்திருக்கிறது. எடுக்க வேண்டுமாம். "ரொம்ப நாளாவே இருந்திருக்கும் சார். யாருமே பார்க்கலையா?" என்றார் மருத்துவர்.

மனைவி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் திட்டேன்டி.

ஆகஸ்ட் 24
கடைசிக் கூட்டம். எழுந்து நின்றேன். மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். மூன்றாவதை நீக்குங்கள் என்றேன்.

"அறிக்கை கையெழுத்துக்குப் போயிடுச்சுங்க" என்றார் குழுத் தலைவரம்மா.

பிரதிநிதி என் தோளைத் தொட்டார். உண்மையான இரக்கத்தோடுதான். "ஒரு வீட்டுல நடந்ததை வச்சுக் கொள்கையை மாத்த முடியுமா ஐயா? நீங்களே வகுப்புல அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருப்பீங்க?"

ஆமாம். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனாலும் உட்காரவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள் என்றேன். செய்தார்கள், பின்னிணைப்பில். யாரும் புரட்டிப் பார்க்காத பக்கம்.

அடுத்த மாதம் முதல் எல்லா மருத்துவமனைகளிலும் அமலாகிறது.

மூன்றாவது பரிந்துரை தவறு.