பரிசு வாங்கிய ஊர்

12-8-1971, வியாழன்

துன்பமே இல்லாத ஊரை வரையச் சொன்னார் டீச்சர். கம்பெனி, மின்விளக்கு, அகலமான தெரு எல்லாம் போட்டேன். எனக்குத்தான் முதல் பரிசு. பக்கத்தில் உட்காரும் கன்னியம்மா மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"கருவாடு காய வைக்கிற மேடு எங்கடி? எங்க ஊடு எங்க?"

நாற்றமே வேண்டாம் என்று அங்கே பூங்கா வரைந்திருந்தேன். "உங்க நைனாவுக்குத்தான் கம்பெனியில வேலை குடுப்பாங்களே" என்றேன்.

"அத எங்க நைனாவ கேட்டியா, பெரிய கலெக்டரே?" என்றாள். பெஞ்சில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாளை கம்பெனி கட்ட நிலம் பார்க்க வரும் ஆபீசரிடம் அந்தப் படத்தைக் காட்டப் போகிறார்களாம். அதைப் பார்த்து அவர் மேட்டை எடுத்துக்கொண்டால்? பயமாக இருக்கிறது. திருப்பிக் கேட்டால் டீச்சர் அடிப்பார். அடித்தாலும் வாங்கி அவள் வீட்டை வரைந்துவிடலாம். ஆனால் அந்த நாற்றம் வேண்டாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.