மார்க்கியான் தங்கியிருந்த வீடு

மாங்க்டன்
4 அக்டோபர் 1981

அன்புள்ள நாடியா அவர்களுக்கு,

உங்கள் மகன் மார்க்கியான் பத்திரமாக வந்து சேர்ந்தான். தெருவைப் பார்த்த மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பூண்டு சாசேஜை ஒருவனாகவே தின்று தீர்த்தான். எனக்கு வாசனை மட்டும்தான் கிடைத்தது.

பெரிய ஐஸ் ஹாக்கி அணி தேர்ந்தெடுத்த பையன்களை இங்கே இரண்டாம் அணியில் ஆடவிட்டுப் பழக்குகிறார்கள். தேறியவனை மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள். பல வருடமாக அந்தப் பையன்கள் என் வீட்டில்தான் தங்குகிறார்கள். மேலே போனவர்களைவிட ஊருக்குத் திரும்பியவர்கள்தான் அதிகம். ஆனால் கோச் டகல், "இவன அவசரப்படுத்தாம வளத்தா பெரிய ஆளா வருவான்" என்கிறார். அவர் சுலபத்தில் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

ஒரே ஒரு குறை. ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் காயப்போடுகிறான். "வீடு குதிரை லாயம் மாதிரி நாறுதுப்பா" என்றால், "எங்க ஊர்ல இதுதான், ஆன்ட்டி, சென்ட்டு" என்கிறான்.

கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
ஒடெட் கோடே

கனோரா, சஸ்காட்செவன்
21 அக்டோபர் 1981

அன்புள்ள ஒடெட்,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கோச் சொன்னதை மட்டும் என் கணவர் பெட்ரோ மறுபடி படிக்கச் சொன்னார். பதினெட்டு வயதில் அவரையும் ஓர் அணி கூப்பிட்டது. அறுவடை நேரம், அவர் அப்பா விடவில்லை. இன்றைக்கு மார்க்கியான் பனியில் இறங்கினால் அவரும் கூடவே இறங்குகிறார். தானியக் கிடங்கில் நிற்பவர்களிடம், "அடுத்த வருசம் என் பையன டி.வி.யில பாருங்கடா" என்று சொல்லிவிட்டு வருகிறார்.

இளையவன் ரோமானுக்குப் பதினாலு வயது. அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

மார்க்கியான் எழுதும் கடிதம் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் திட்டுங்கள். உங்கள் பிள்ளையாக நினைத்தே திட்டுங்கள்.

உங்கள்,
நாடியா போய்சுக்

மாங்க்டன்
18 ஜனவரி 1982

அன்புள்ள நாடியா,

உங்கள் வீட்டு போனில் பேசினால் அதே லைனைப் பகிர்ந்துகொள்கிற பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள் என்று மார்க்கியான் சொல்லியிருக்கிறான். அதனால்தான் இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் ஒருவன் அவனைப் பின்னாலிருந்து தள்ளி அரங்கச் சுவரில் மோதவைத்தான். தலைதான் முதலில் பட்டது. எழுந்து ஆட்டத்தை முடித்தான், அரங்கமே கைதட்டியது. அன்றிலிருந்து அறைத் திரையை விலக்க விடமாட்டேன் என்கிறான். வெளிச்சம் குத்துகிறதாம். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிறது. நேற்று சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனான், கன்னத்தில் பட்டது. "இன்னிக்கு என்ன கிழமை?" என்றான். சொன்னேன். சற்று நேரத்தில் அதையே மறுபடி கேட்டான்.

கோச்சிடம் சளி என்று சொல்லியிருக்கிறான். பெரிய அணியில் இரண்டு பேருக்குக் காயம். அடுத்த வாரம் இவனைக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு.

"ஆன்ட்டி, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. இப்ப நான் போகலேன்னா வேற ஒருத்தன் போயிடுவான். அப்புறம் என் பேரே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நீங்கள் பெற்றவர்கள். என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

ஒடெட்

கனோரா
21 ஜனவரி 1982

அன்புள்ள ஒடெட்,

படித்ததும் பெட்ரோவிடம் காட்டினேன். அவர் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். "அடிபடாம எவன் ஆடியிருக்கான்? ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும். என் வாழ்க்கைய அறுவடை தின்னுடுச்சு. அவன் வாழ்க்கைய ஒரு தலைவலி திங்கணுமா?" என்றார். அவர் அழுததை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்குப் பார்த்தேன்.

சொல்லாதீர்கள். மேலே போய் ஓர் ஆட்டம் ஆடட்டும், பிறகு நானே அவனை டாக்டரிடம் அனுப்புகிறேன். நீங்கள் அவனுக்கு எவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இது எங்கள் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. கெஞ்சிக் கேட்கிறேன்.

நாடியா

மாங்க்டன்
27 ஜனவரி 1982

அன்புள்ள நாடியா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்த பிறகும் போய்ச் சொல்லிவிட்டேன். கடிதம் தாமதமாக வந்தது என்று பொய் சொல்ல விருப்பமில்லை.

கோச் டகல் முதலில், "ஒடெட், நீங்க சாப்பாட்டப் பாருங்க, ஆட்டத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் கரண்டி விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. மேல இருந்து தினமும் இவனத்தான் கேக்கறாங்க. நான் இதுவரைக்கும் வளத்ததுல இவன்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். டாக்டருக்கு அவரேதான் போன் செய்தார்.

மூளை பலமாக அதிர்ந்திருக்கிறது என்கிறார் டாக்டர். இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல மறுத்துவிட்டார். இந்த வருடம் ஆட்டம் கிடையாது. இனிமேல் உண்டா என்பதும் தெரியாது. மேலே வேறொரு பையன் போய்விட்டான்.

மார்க்கியான் சாமான்களைக் கட்டிக்கொண்டான். உதவப் போனேன், விடவில்லை. வாசலில், "உங்கள நம்பித்தானே ஆன்ட்டி இருந்தேன்" என்றான்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டால் அது உண்மையாக இருக்காது. இனி நீங்கள் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். வீட்டில் அவனை இருட்டான, சத்தமில்லாத அறையில் வைத்திருங்கள்.

ஒடெட்

கனோரா
9 செப்டம்பர் 1985

அன்புள்ள ஒடெட்,

இத்தனை காலம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். நலமாக இருக்கிறீர்களா?

மார்க்கியான் மறுபடி பனியில் இறங்கவே இல்லை. முதல் வருடம் டிராக்டர் சத்தத்தைக்கூட அவனால் தாங்க முடியவில்லை. இப்போது விதைக் கடையில் வேலை பார்க்கிறான். வருகிற வசந்தத்தில் கல்யாணம். வெயிலில் பனி மின்னினால் இன்னமும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். உங்களைப் பற்றி அவன் பேசுவதில்லை. பெட்ரோ உங்கள் பெயரையே எடுப்பதில்லை. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் போன மாதம் ரோமானை வேறோர் அணி தேர்ந்தெடுத்தது. எங்களுக்குத் தெரியாத ஊரில், இரண்டாம் அணியில் ஆடப் போகிறான். செய்தி வந்த அன்று கிடங்கில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். பெட்ரோ வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊர்ல நல்ல டாக்டர் இருக்காராமா?" மார்க்கியான் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோமான் தங்கப்போகும் வீட்டுக்காரம்மாவுக்கு இன்று காலை கடிதம் எழுதினேன். சாப்பாடு, துணி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதினேன்: "அவன் எதையாவது மறைத்தால், சொல்லாதீர்கள் என்று உங்களிடம் கெஞ்சுவான். நானும் வேண்டாம் என்று எழுதக்கூடும். இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். போய்ச் சொல்லிவிடுங்கள்."

அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்கள்,
நாடியா