செருப்பைக் கண்டால் வரும் இருமல்

ஸ்ரீரங்கம்,
1957, ஐப்பசி

வேலம்மாளுக்கு உன் புருஷன் அழகிரி, டிராயிங் வாத்தியாரிடம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். துறையூரில் நீயும் பசுவும் சுகமா? பள்ளிக்கூட வாசலில் நான் ஓயாமல் இருமுவதாக நம்மூர்ப் பிச்சை வந்து சொன்னானாம். பயப்படாதே, அது நோய் இல்லை.

எங்கள் ஹெட்மாஸ்டர் தினமும் செருப்பை என் பியூன் முக்காலியடியில் கழற்றிப்போட்டு, வெறுங்காலோடு வராண்டாவில் நடப்பார். தப்புப் பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து, வாத்தியார்கள் உஷாராகட்டுமே என்று நான் இருமுவேன். ஆனியில் பள்ளி திறந்ததிலிருந்து இதே வேலை. நேற்று பாதியில் திரும்பி வந்துவிட்டார்.

“ஏன் பெரியவரே, என் செருப்பைப் பார்த்தாத்தான் இருமல் வருமா?”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னேன். மனசு கேட்காமல், “எதுக்குங்க வெறுங்கால்?” என்றும் கேட்டுவிட்டேன்.

சிரித்துவிட்டார். “என்னைப் பார்த்தா வகுப்பே எழுந்து நிக்குது, நல்லா நடக்கிற பாடம் நின்னுபோகுது. அதைக் கேக்கத்தானே போறேன்! எந்த வாத்தியாரை எந்த வகுப்புக்குப் போடணும்னு வேற எப்படித் தெரியும்?”

இத்தனை நாளும் இருமி இருமிப் பாடத்தைக் கெடுத்தது நான்தான். இன்று வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரே சிரிப்பு. ஐயா ஜன்னலோரம் அசையாமல் நின்றார். என்ன பாடமோ, தெரியவில்லை.

“இனிமே எங்களுக்கு யாருங்க இருமுவா?” என்கிறார் இதை எழுதுகிற வாத்தியார்.

சுக்குப் பொடி இடித்துப் பிச்சையிடம் கொடுத்தனுப்பு. இருமல் இல்லாவிட்டாலும் அனுப்பு. உன் கைப்பக்குவம் நாக்கில் பட்டு ஐந்து மாதமாகிறது. மணி அடிக்க நேரமாயிற்று.

அழகிரி