வெயில் இருந்தும் கரண்ட் இல்லாத வீடு

அன்பு மகன் பாலகுருவுக்கு அப்பா எழுதுவது. அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் நான் சுகம்தான், நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, உன் அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுது. போனில் நான் ஆரம்பித்தாலே சிக்னல் இல்லப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் லீவில் ஊருக்கு வரும் ராமையாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவர் முன்னாலேயே படி.

போன வியாழக்கிழமை நடந்ததை உன் பெண்டாட்டி அருணா அழுதுகொண்டே சொன்னாள். உச்சிவெயில், மாடியில் நீ போட்ட ஆறு சோலார் தகடும் பளபளவென்று காய்கிறது, லைன் கரண்ட் போனதும் அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுவிட்டது, ஆட்டோ வருவதற்குள் அவளுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டதாம். சோலார் இருக்கும்போது இன்வெர்ட்டர் எதற்கு என்று விற்க வந்தவன் சொன்னானாம், நீயும் நான் வாங்கிவைத்த இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டாயாம். புத்திகெட்டவனே, தகடு வெயிலைப் பிடித்துக் கரண்ட் ஆக்கும், சேர்த்து வைக்காது. பேட்டரி இல்லாவிட்டால் லைன் போனதும் அதுவும் தானாக நின்றுவிடும், நிற்காவிட்டால் அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவன் ஷாக் அடித்துச் சாவான். ஏழு வருஷமாகப் பாலைவன சைட்டில் தகடு கழுவுகிறவன் உன் அப்பன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நானாகச் சொல்ல வந்தபோது, தொடைக்கிற வேலைதானப்பா உங்களுக்கு, இது டெக்னிக்கல் என்றாய். அது இன்னும் எரிகிறது.

அருணா அனுப்பிய போட்டோவில் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிழல் இரண்டு தகட்டை மூடுகிறது, இரண்டு மூடினால் வரிசையே மந்தமாகும். தொட்டியைத் தென்மேற்கே கன்னி மூலையில் உயர்த்திக் கட்டு என்று இங்கிருந்து கத்தியது நான், அந்தத் தப்பு என்னுடையது. நிழலுக்குள் தகட்டைப் போட்டது நீ, மாற்றிப் போடு. மழைக்காலத்தில் கரண்ட் பாதிதான் வரும், பதறாதே. வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரில் கழுவு.

முதலில் பேட்டரி. மாட்டியதும் மெயினை அணைத்து, மெஷின் ஓடுகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார், அப்புறம் எனக்கு போன் போடு. அருணாவுக்கு என் ஆசீர்வாதம், உனக்கும் உண்டு, பெற்ற பாவம்.

ஒன்று மறக்காதே. அந்த வியாழக்கிழமை கரண்ட் போன கொஞ்ச நேரத்தில்தான் நான் போன் பண்ணியிருக்கிறேன், உன் அம்மா எடுத்தாள், பின்னால் மெஷின் சத்தம் இல்லை, ஏன் வீரம்மா என்றேன். இப்ப மூச்சு நல்லா வருதுங்க, நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன் என்று உனக்காகப் பொய் சொன்னாள். நான் அதை நம்பி ரூமில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
தகடு துடைக்கிற உன் அப்பா,
அம்மையப்பன்