நீங்கள் சொல்லாமல் விட்டது

அக்கா,

மூன்று வாரத்துக்கு முன் பீரோவின் அடித்தட்டை ஒழிக்கும்போது என் பழைய தோள்பை கிடைத்தது. உள்ளே ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் கற்பூரம் ஒரு தூள்கூட இல்லை, வாசனை மட்டும் லேசாக வந்தது. நீங்கள் போட்டுக் கொடுத்த மூன்று மிளகு அடியில் கிடந்தன. "மிளகு போட்டு வச்சா கரையாது தம்பி" என்றீர்கள். கரைந்துவிட்டது அக்கா. நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு மறந்திருக்காது. என் மனைவிக்கு வயிற்றில் கட்டி, மறுவாரம் ஆபரேஷன். கலெக்டர் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், "பௌர்ணமிக்கு ஒரு தடவை சுத்திட்டு வாங்க சார், மலை கைவிடாது" என்றார். அவர் நம்புவதை அவர் அன்பாகச் சொன்னார். அவர்மேல் தப்பே இல்லை. ஆனால் நான் யார்? சபைச் செயலாளர், ஞாயிறுதோறும் சபையில் வேத வகுப்பு எடுக்கிறவன். மனிதன் தன் நற்செயல்களால் அல்ல, விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான், கடவுளிடம் பேரம் பேச நம் கையில் ஒன்றும் இல்லை, அவர் இலவசமாகவே நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். நீங்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பீர்கள். அப்பேர்ப்பட்ட நான் பௌர்ணமிச் சாயங்காலம் வண்டியை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். பக்தியில் நடக்கவில்லை அக்கா. இத்தனை மைல் நடக்கிறேன், அவளைப் பிழைக்க வை என்று பேரம் பேசிக்கொண்டு நடந்தேன்.

சுற்றுப்பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் எல்லாரும் கற்பூரம் வாங்கினார்கள். நானும் தலையைக் குனிந்தபடி ஒரு கடையில் கையை நீட்டினேன். அது உங்கள் கடை என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"தம்பி, நீங்களா?" என்றீர்கள். தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். நீங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. "ஊட்ல ஒடம்பு எப்படி இருக்குது? நேத்துகூட ஜெபம் பண்ணேன்" என்று சொல்லிக்கொண்டே கற்பூரத்தை மடித்து, மிளகைப் போட்டுக் கையில் வைத்தீர்கள். "பாத்து நடங்க, இந்தப் பக்கம் கல்லு ஜாஸ்தி."

அந்தக் கற்பூரத்தைக் கொளுத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை. எறியவும் மனம் வரவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்கு முள்ளாய்க் குத்தியது. எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான் அது. எனக்குத்தான் பயம். சபைச் செயலாளர் வெறுங்காலோடு மலை சுற்றினார் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வகுப்பும் மரியாதையும் போய்விடும். அதனால் நான் முந்திக்கொண்டேன். சபை அங்கத்தினர் கற்பூரமும் அகல்விளக்கும் விற்கலாமா என்று கமிட்டியில் கிளப்பினேன். கணவர் போன பிறகு அந்தக் கடைதான் உங்களையும் மகளையும் காப்பாற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். அதுவரை யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. உங்களைக் குற்றவாளியாக்கிவிட்டால் நாளைக்கு நீங்கள் என்னைப் பற்றி எது சொன்னாலும் எடுபடாது என்பதுதான் என் கணக்கு. இதை எழுதும்போது கை கூசுகிறது.

கமிட்டி உங்களைக் கூப்பிட்டது. அப்போதிருந்த பழைய போதகர், "நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தீர்மான நோட்டைப் புரட்டினேன்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. பொழப்பு, வுட முடியாது" என்றீர்கள். அவ்வளவுதான்.

கடையில் அந்தச் சாமான்களை நிறுத்தும்வரை உங்களுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது என்று தீர்மானம் ஆயிற்று. நான்தான் அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதினேன். பிறகு இரண்டு வருடம், திருவிருந்து ஞாயிறுகளில், பெண்கள் பக்கம் உங்கள் வரிசை முழுக்க எழுந்து போகும். நீங்கள் மட்டும் அவர்களுக்கு வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆண்கள் பக்கம் முதல் ஆளாகப் போய் மண்டியிட்டவன் நான்.

ஆனாலும் வகுப்புக்கு வருவதை நீங்கள் நிறுத்தவில்லை. ஒருநாள், "அப்போ தகுதின்னு ஒண்ணும் வேணாமா தம்பி?" என்று கேட்டீர்கள். "வேண்டாம் அக்கா" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

நெஞ்சுவலியில் ஒரே நாளில் போய்விட்டீர்கள். தீர்மானம் அப்படியே இருந்ததால் உங்கள் பெட்டியை ஆலயத்துக்குள் கொண்டுபோகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஜெபித்து முடித்தார்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவனும் நான்தான்.

பொட்டலம் கிடைத்த மறுநாள் உங்கள் கடைக்குப் போனேன். மகள்தான் இப்போது பார்த்துக்கொள்கிறாள். அவளிடமாவது சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். நான் சொல்லச் சொல்ல, விளக்கு அடுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

"அம்மா இத எங்கிட்டகூட சொல்லல சார்" என்றாள். கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா பெட்டிய வாசலோட திருப்பி அனுப்பினீங்களே. இப்ப எங்கிட்ட வந்து எதுக்கு சொல்றீங்க? சர்ச்ல போய் சொல்லுங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

போன ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்கும் அதுவரை தெரியாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உங்கள் மகள் வாசல்வரை வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. இப்போதுள்ள போதகர் வயதில் சின்னவர். உங்கள்மேல் போட்ட தீர்மானத்தை எல்லார் முன்னிலையிலும் ரத்து செய்தார்.

"அக்கா ரெண்டு வருஷம் உக்காந்திருந்தாங்க ஐயா. நானும் ரெண்டு வருஷம் திருவிருந்து எடுக்காம இருக்கேன்" என்றேன்.

"உக்காந்து முடிச்சிட்டா சரியாப் போயிடும்னு நெனைக்கிறீங்களா?" என்றார். "வாங்க."

மறுபடியும் பேரம்தான் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்தேன். என் வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக முழங்காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்கள். மண்டியிட்டு வெறுங்கையை நீட்டினேன். போதகர் அதில் அப்பத்தை வைத்தார்.

மிளகு மூன்றும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. தகுதி ஒன்றும் வேண்டாமா என்று கேட்டீர்களே அக்கா. வேண்டாம்தான். ஆனால் ஒரு தகுதியும் இல்லாமல் போய்க் கை நீட்டுவது எவ்வளவு வெட்கம் என்று அன்றைக்கு நான் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரியாது.