படையலில் வைக்க முடியாத பொட்டலம்

அண்ணா,

உன் படத்துக்கு முன்னால் வைத்த பிராந்தி குவார்ட்டர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மூடியை யாரோ சரியாகத் திருகவில்லை. இன்று காலை எழுந்து வந்தால் கூடம் முழுக்க நீ ஷிஃப்ட் முடிந்து வரும் வாசனை. ஒரு நிமிடம் வந்துவிட்டாய் என்றே நினைத்துவிட்டேன். அப்புறம்தான் போன வாரம் உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்தது மறுபடி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கு உனக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். கறிக்குழம்பு, வடை, என் பெட்டிக்கடையிலிருந்து ஒரு கட்டு பீடி. பிராந்தியைப் பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர் வாங்கி வந்தார். டூட்டிக்குப் போகிற அவசரத்திலும் யூனிஃபார்மோடு உள்ளே வந்து, “அண்ணனோட பிராண்டு இதானேக்கா?” என்று கேட்டு, பயபக்தியாக வைத்துவிட்டுப் போனார். பீடிக் கட்டின் மேல் இருந்த எச்சரிக்கைப் படத்தை நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கழுத்து வீங்கிய அந்த ஆளை உன் முன்னால் எப்படி வைப்பது? தொண்டையில் புற்று வந்து கடைசி மாதங்களில் நீயே அப்படித்தானே கிடந்தாய்.

டேவிட் அண்ணன் வந்ததும் கற்பூரம் ஏற்றலாம் என்று காத்திருந்தோம். உன்னோடு ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர், மைன் மூடியபிறகு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவர், அவர் இல்லாமல் உனக்கு என்ன படையல்? அவர் வரவில்லை, செய்திதான் வந்தது. ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். சட்டைப் பையில் ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலம். என்ன இது என்று கேட்டதற்கு, “படையலுக்கு சார்” என்று சொல்லியிருக்கிறார் அந்தப் புண்ணியவான்!

கஞ்சாவா? உனக்கா? பிறகுதான் உறைத்தது. தண்ணீர்கூட இறங்காமல் நீ கிடந்த நாட்களில், டேவிட் அண்ணன் சாயங்காலம் வந்து, “நாட்டு மருந்தும்மா” என்று பாலில் எதையோ காய்ச்சிக் கொடுப்பார். அப்படி ஒரு நாள் நீ எழுந்து உட்கார்ந்து, “இன்னாம்மா, இன்னிக்கு இட்லி நல்லா கீது” என்றாய். அதுவரை எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டவன். நான் அந்த நாட்டு மருந்துக்காக முருகனுக்குத் தேங்காய் வேறு உடைத்தேன்.

பந்திக்கு வடை மாவு பிசைந்த கையைக்கூடக் கழுவாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? காலையில் பிராந்தி வைத்துவிட்டுப் போன அதே போலீஸ்காரர். பாவம், என் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தைரியம் இல்லை.

“செத்தவனுக்குப் படைக்க எடுத்தாந்ததுக்குக் கேஸா?” என்றேன்.

“நான் இன்னாக்கா பண்றது? வெறும் எலைன்னா அது வேற. இது பூவு. பூவு இருந்தா கேஸ்தான்.”

“ஒரே செடில எல நல்லது, பூவு கெட்டதா?”

“சட்டம் அப்டித்தான் கீதுக்கா. உங்க அண்ணன் பேரை நான் எழுதல. டேவிட்டும் அப்புறம் யாருக்குன்னு வாயத் தொறக்கல. எனக்குத்தான்னு சொல்லிட்டாரு.”

நீ இருந்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பாய். அரசாங்கம் பாக்கெட் சாராயத்தைத் தடை செய்த அன்று நடுத்தெருவில் நின்று, “நேத்து வரிக்கும் கவர்மெண்டு சரக்கு, இன்னிக்குக் கள்ளச் சரக்கா? என் வயிறு அதேதாம்பா கீது!” என்று கத்தினாயே. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டேவிட் அண்ணன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். ஆட்டோதான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. அது திரும்பி வந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். பொட்டலம் யாருக்காக என்று நான் வந்து சொன்னால், சட்டம் மாறாவிட்டாலும் நீதிபதியின் மனம் கொஞ்சம் இளகலாம் என்கிறார் வக்கீல். அண்ணி ஒரேயடியாக மறுக்கிறாள்.

“பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறோம். குடிச்சே செத்தாருன்னாலும் எவனும் கேக்கமாட்டான், அவனவன் வூட்லயும் அதான் கீது. கஞ்சான்னு சொல்லிப் பாரு, ஒருத்தன் வாசப்படி மிதிப்பானா?”

அவள் சொல்வதிலும் பொய் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டதைவிட அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேவிட் அண்ணனோ, “அவன் பேரு எதுக்கும்மா, வுட்டுடு” என்கிறார். இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல், சாட்சி சொல்ல வருகிறேன் என்று வக்கீலிடம் நேற்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அண்ணி என்னோடு பேசுவதில்லை. காபியை மட்டும் ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

உன் பேரைச் சொல்லப்போகிறேன், அண்ணா. கோபித்துக்கொள்ளாதே. கூண்டில் ஏறியதும் என்ன தொழில் என்றுதான் முதலில் கேட்பார்களாம். ஆண்டர்சன்பேட்டையில் பெட்டிக்கடை, பீடி சிகரெட் விற்கிறேன் என்று சொல்ல வேண்டும். நீ பிடித்த பீடியெல்லாம் நான் என் கையால் எடுத்துக் கொடுத்தது. அதை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.